அப்பாவின் .315 ரைஃபிள்: வைத்துக்கொள்ளவா, விற்கவா?

கேள்வி இதுதான். அப்பாவுக்கு 72 வயது, கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார். அவருடைய லைசென்ஸில் ஒரு 12 போர் (போர் என்றால் குழலின் உள் அளவு) இரட்டைக்குழலும், தாத்தா வேட்டைக்குப் போன காலத்து .315 ரைஃபிளும் இருக்கின்றன. கேள்வி கேட்ட மகன் கரூரில் தொழில் செய்கிறார், அவர் பெயரில் ஏற்கெனவே .32 ரிவால்வர் ஒன்று உண்டு. ரைஃபிளைப் பல வருடங்களாக யாரும் சுடவில்லை. அதை வைத்துக்கொள்ளலாமா, விற்றுவிடலாமா?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்ன நிலைமையில் இரட்டைக்குழலை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு, .315-ஐ அப்பா நல்ல உடல்நிலையோடு இருக்கும்போதே அவர் கையாலேயே விற்றுவிடுவதுதான் சரி. வேறு முடிவு எடுக்கக்கூடிய இரண்டு சூழ்நிலைகள் உண்டு, அவற்றைக் கீழே சொல்கிறேன். துப்பாக்கி விற்பதா வைப்பதா என்று யோசிப்பவர்கள் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். நம் நாட்டில் முதலில் பார்க்க வேண்டியது, லைசென்ஸில் அது அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தை.

1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி முன்பு ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம். 2019 டிசம்பரில் வந்த திருத்தம் அதை இரண்டாகக் குறைத்தது. மூன்றாவதை வைத்திருந்தவர்கள் ஒரு வருடத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைக்க வேண்டியதாயிற்று. பரம்பரைத் துப்பாக்கி என்றால் கணக்கில் வராது என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. வாரிசு முறையில் லைசென்ஸ் கொடுக்கும்போதும் இரண்டைத் தாண்டக் கூடாது என்று அந்தத் திருத்தத்திலேயே தனியாக எழுதியிருக்கிறது. உங்களிடம் ரிவால்வர் இருக்கிறது, ஆக மிச்சம் ஒரே ஒரு இடம். அப்பாவின் இரண்டில் ஒன்றுதான் உங்களுக்கு வர முடியும். பதக்கம் பெற்ற துப்பாக்கிச் சுடும் வீரர்களுக்கு விதிகளில் தனி வரம்பு உண்டு. உங்களுக்கு அது பொருந்தாது என்று எடுத்துக்கொள்கிறேன்.

அந்த ஒரு இடத்துக்கு .315 ஏன் வேண்டாம் என்கிறேன்? வேட்டை ரைஃபிளுக்கு இன்று தமிழ்நாட்டில் சட்டப்படி வேலை இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகும் சில விலங்குகளை அனுமதிச் சீட்டு வாங்கி வேட்டையாடும் வழி கொஞ்ச காலம் இருந்தது. 1991 திருத்தம் அதையும் மூடிவிட்டது. பயிர்ப் பாதுகாப்பு என்று லைசென்ஸில் எழுதியிருந்தாலும் காட்டுப்பன்றியைச் சுடும் உரிமை அதனால் வந்துவிடாது. கேரளத்தில் உள்ளாட்சித் தலைவர்களின் அனுமதியோடு, பட்டியலில் உள்ள லைசென்ஸ்தாரர்கள் பன்றியைச் சுடும் ஏற்பாடு இருக்கிறது. எல்லையோரத்தில் இருப்பவர்கள் அதைப் பார்த்து இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே அது வனத்துறையின் வேலை.

தோட்டத்தில் விலங்கை விரட்ட ஒரு வெடிச்சத்தம்தான் தேவை என்றால் இரட்டைக்குழல் போதும். 12 போரின் சிறு குண்டுகள் சில நூறு மீட்டருக்குள் வேகம் இழந்து விழுந்துவிடும். .315-இன் குண்டு 240 கிரெய்னுக்கு (சுமார் பதினைந்தரை கிராமுக்கு) மேல் எடை உள்ளது, குறி தவறினால் கிலோமீட்டர் கணக்கில் போகும். சரிவும், வளைந்து வளைந்து போகும் ரோடும், தொழிலாளர்களின் லைன் வீடுகளும் உள்ள மலைத் தோட்டத்தில் குண்டு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சுட்டுப் பழகலாம் என்றால் அதற்கும் இடம் இல்லை. நம் ரைஃபிள் கிளப்புகளில் பெரும்பாலானவை ஏர் ரைஃபிளுக்கும் .22-க்கும் கட்டப்பட்டவை.

இனி, விற்பது என்று முடிவெடுக்கும் முன் கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்.

.315 என்பது 8×50 எம்.எம். விளிம்புத் தோட்டா, ஆஸ்திரிய மான்லிக்கர் ரைஃபிளின் தோட்டா வழி வந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் ராணுவத் தோட்டாவான .303-ஐப் போட்டுச் சுட முடியாத ஒரு ரைஃபிள் பொதுமக்களுக்குத் தேவைப்பட்டதால்தான் இது இந்தியாவில் பரவியது. பர்மிங்ஹாமின் துப்பாக்கி நிறுவனமான பி.எஸ்.ஏ. முதலில் செய்து அனுப்பியது. சுதந்திரத்துக்குப் பிறகு நம் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை இஷாப்பூரில் செய்தது. இரண்டும் பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ-என்ஃபீல்டின் குடும்பம் என்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் .303 போலவே இருக்கும். ஆகவே குழலில் உள்ள முத்திரையை வாசியுங்கள். மூன்று ரைஃபிள்களைச் சாய்த்து நிறுத்திய சின்னம் பி.எஸ்.ஏ.-வுடையது. அது இருந்தால் கொஞ்சம் கூடுதல் மதிப்பு. முத்திரை .303 என்று இருந்துவிட்டால் விஷயமே வேறு. அது பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட குழல் அளவு, அதிகாரம் கலெக்டரிடம் இல்லை, மத்திய உள்துறையிடம். அப்படி இருந்தால் விற்பனைப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு லைசென்ஸ் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

குழலின் எண், போல்ட்டின் (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் இரும்புத் துண்டின்) எண், லைசென்ஸ் புத்தகத்தில் உள்ள எண் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இந்தக் குடும்பத்து ரைஃபிள்களில் போல்ட்டை ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனியாகப் பொருத்தி எண் போடுவார்கள். வேறு போல்ட் மாட்டியிருந்தால் தோட்டாவின் அடிப்பாகத்துக்கும் போல்ட் முகத்துக்கும் இடையே இருக்க வேண்டிய நெருக்கம் கெட்டுப்போயிருக்கலாம். புத்தகத்தில் ஓர் இலக்கம் தவறாக ஏறியிருந்தால் அதைத் திருத்தவே தனி மனு போட வேண்டும். விற்பனை மனு போட்ட பிறகு அது வெளிவந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

அடுத்தது குழல். மேகசினைக் கழற்றுங்கள், போல்ட்டைத் திறந்து சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள், பிறகு போல்ட்டை முழுவதும் வெளியே எடுங்கள். எண்ணெய் நனைத்த துணியைப் பின்பக்கத்திலிருந்து தள்ளி, ஓர் இரவு விட்டு, மறுநாள் வெள்ளைத் துணி விட்டு எடுங்கள். செம்பழுப்பாக வந்தால் துரு. பச்சை நீலமாக வந்தால் செம்பு படிந்திருக்கிறது, அதைச் சுத்தம் செய்துவிடலாம். குழலுக்குள் வெள்ளிநிறக் கட்டிகள் ஒட்டியிருந்தால் பழைய நிக்கல் கலந்த உறையுள்ள குண்டுகளின் படிவு, அதை எடுக்கப் பொறுமை வேண்டும். சுத்தம் செய்தபின் முன்முனையில் வெள்ளைத் தாளைப் பிடித்து, அதன்மேல் டார்ச் அடித்து, பின்பக்கமிருந்து பாருங்கள். சுருள் வரிகளின் விளிம்பு கூராகத் தெரிந்தால் நல்லது. கரும்புள்ளிகளாகத் தெரிவது அரிப்பு. அரிப்பு பெரும்பாலும் பழைய தோட்டாக்களின் வேலை. அவற்றின் பிரைமரில் (தோட்டாவின் அடியில் உள்ள தீமூட்டும் மருந்தில்) இருந்த குளோரேட் எரிந்து உப்பாகக் குழலில் தங்கும், உப்பு ஈரத்தை இழுக்கும். அது எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். வேட்டை முடிந்து வந்து வெந்நீர் விட்டுக் கழுவாமல் எண்ணெய் மட்டும் பூசி வைத்த ரைஃபிள்கள் எல்லாம் உள்ளே அரித்துக் கிடக்கின்றன. மலையில் ஆறு மாத ஈரம் மிச்சத்தைச் செய்திருக்கும்.

லேசான அரிப்பு துல்லியத்தை அவ்வளவாகக் கெடுக்காது. முன்முனையின் விளிம்பு தேய்ந்திருந்தால்தான் கெடுக்கும். கழுவும் கம்பியை வருடக்கணக்காக முன்பக்கம் விட்டு இழுத்தால் அந்த விளிம்பு ஒரு பக்கமாகத் தேயும். சுட்ட தோட்டாக்களின் பழைய காலிக் குப்பிகள் பெட்டியில் இருந்தால் அவற்றையும் பாருங்கள். விளிம்புக்குச் சற்று மேலே பளபளவென ஒரு வளையம் ஓடினாலோ அங்கே கீறல் தெரிந்தாலோ குப்பி நீண்டு அறுபடும் நிலையில் இருந்தது என்று பொருள். அந்தத் துப்பாக்கியை ஆர்மரர் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) பார்க்காமல் யாரும் சுடக் கூடாது. வாங்குபவரிடமும் இதை மறைக்கக் கூடாது. மரக்கட்டையில் கைப்பிடிக் கழுத்தையும், இரும்பு மரத்தில் வந்து உட்காரும் பின்பகுதியையும் பாருங்கள். விரிசல் அங்கேதான் விழும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. விற்பதற்கு முன் அழகுபடுத்தலாம் என்று லேத் பட்டறையிலோ பாலிஷ் கடையிலோ கொடுத்துவிடாதீர்கள். பாலிஷில் எண் மழுங்கினால் அது அடையாளக் குறியை அழித்த குற்றமாகிவிடும். லைசென்ஸ் இல்லாத பட்டறை துப்பாக்கியைத் தொடுவதே குற்றம். பழைய ரைஃபிளின் மதிப்பும் அதன் பழைய மேற்பூச்சில்தான் இருக்கிறது. மேலே உள்ள துருவை எண்ணெயும் மெல்லிய எஃகுப் பஞ்சும் வைத்து மெதுவாக எடுங்கள், அது போதும்.

விலையைப் பற்றி. இந்தியாவில் பழைய துப்பாக்கியின் விலையை இறக்குமதித் தடைதான் தீர்மானிக்கிறது. 1980-களின் நடுவிலிருந்து தனியார் இறக்குமதி ஏறக்குறைய அடைபட்டுவிட்டதால், அதற்கு முன் வந்த வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்குத் தரத்தைத் தாண்டிய விலை வந்தது. அந்த மோகம் முக்கியமாகப் பிஸ்டலுக்கும் ரிவால்வருக்கும்தான். இஷாப்பூர் .315-க்கு அது இல்லை. லைசென்ஸ் வரம்பு இரண்டாகக் குறைந்தபோது பலர் ஒரே காலத்தில் நீளத் துப்பாக்கியைத்தான் கைவிட்டார்கள், அவை டீலர்களின் அலமாரியில் நிற்கின்றன. ஆகவே பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள். குறைந்தது மூன்று டீலர்களிடம் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். .315-க்கு உள்ள பலம், அதன் தோட்டா இந்நாட்டிலேயே தயாராகிறது என்பது. உங்களிடம் இருந்தது .318 வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸோ .404 ஜெஃப்ரியோ என்றால் துப்பாக்கிக்கு நல்ல பெயர் இருக்கும், போடத் தோட்டா கிடைக்காது. அவற்றை வாங்குபவர் சேகரிப்பாளர்தான், அவரைக் கண்டுபிடிக்க வருடங்கள் ஆகும்.

இப்போது வைத்துக்கொள்ளும் இரண்டு சூழ்நிலைகள். முதலாவது, வீட்டில் வேறு வாரிசு இருப்பது. 2016 ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்தாரர் 70 வயதை எட்டியிருந்தாலோ அந்தத் துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, எது முன்னதோ அதன்படி, உயிரோடு இருக்கும்போதே தான் விரும்பும் வாரிசுக்கு அதை மாற்றித்தரக் கோரலாம். வாரிசு என்றால் மகன் மட்டும் இல்லை. மகள், மருமகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் அதில் வருவார்கள். உங்களுக்குத் தங்கை இருந்து, அவருக்கு உண்மையில் ஆர்வமும் பூட்டி வைக்கும் வசதியும் இருந்தால், .315 அவர் பெயருக்குப் போவது விற்பதைவிட நல்லது. 21 வயது முடிந்திருக்க வேண்டும், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம் வேண்டும், துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிச் சான்றும் கேட்கப்படும். பெயருக்கு ஒருவர் மீது ஏற்றிவிட்டு அண்ணன் வீட்டில் வைத்துக்கொள்வது மட்டும் கூடாது. யார் பெயரில் லைசென்ஸோ அவர் பொறுப்பில்தான் துப்பாக்கி இருக்க வேண்டும்.

இரண்டாவது, உங்கள் ரிவால்வரை விட்டுக்கொடுக்கத் தயாராக இருப்பது. ரைஃபிள் பி.எஸ்.ஏ. செய்தது, குழல் கூராக இருக்கிறது, தாத்தாவின் நினைவு உங்களுக்குப் பெரிது என்றால் இரண்டு இடங்களையும் நீளத் துப்பாக்கிகளுக்குக் கொடுங்கள். ரிவால்வரை விற்றால் நல்ல விலையும் கிடைக்கும். இந்த வழியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கை பட்ட பொருளுக்கு அந்த மரியாதை தரலாம். ஆனால் அதற்கான வேலையையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்தாலே ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி ஆள் வரும். ஒப்படைக்கும் முன் குழலுக்கு எண்ணெய் விட்டு, நிலையை எழுதிய ரசீது வாங்க வேண்டும். திரும்பி வந்த அன்றே துடைக்க வேண்டும். தோல் உறையில் போட்டு வைத்தால் தோலே ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். இரும்பு அலமாரியில், உறை இல்லாமல், போல்ட்டைத் தனியாகப் பூட்டி, சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும். முன்முனை கீழே இருக்கும்படி நிறுத்தினால் எண்ணெய் வழிந்து மரக்கட்டைக்குள் இறங்காது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தலும் இருக்கிறது.

பழம்பொருள் என்று வைத்துக்கொண்டால் லைசென்ஸே வேண்டாமே என்று சிலர் சொல்வார்கள். விதிகளில் அப்படி ஒரு வகை உண்மையிலேயே உண்டு. ஆனால் உங்கள் ரைஃபிள் அந்த வகையில் வருகிறதா என்பதை நீங்களே தீர்மானித்துவிடக் கூடாது. கலெக்டர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். லைசென்ஸில் ஏறாத துப்பாக்கிக்குத் தோட்டா கிடைக்காது, வெளியே எடுத்துச் செல்லவும் முடியாது.

விற்கும் முறை இனி. அப்பா தன் லைசென்ஸ் வழங்கிய அதிகாரிக்கு, அதாவது நீலகிரி கலெக்டருக்கு, விற்கும் எண்ணத்தையும் வாங்குபவரின் பெயர், முகவரியையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சட்டம் பக்கத்து ஸ்டேஷன் அதிகாரிக்குத் தெரிவித்தாலும் போதும் என்கிறது. இரண்டு இடத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குவதே நல்லது. தெரிவித்த நாளிலிருந்து குறைந்தது 45 நாட்கள் கழிய வேண்டும். அதற்குமுன் துப்பாக்கி கைமாறினால், வாங்குபவரிடம் முறையான லைசென்ஸ் இருந்தாலும் குற்றம்தான். முன்பணம் வாங்கிவிட்டு, பேப்பர் வரும்வரை நீங்களே வைத்திருங்கள் என்று கொடுத்துவிடுவதுதான் இந்த வியாபாரத்தில் அதிகம் நடக்கும் தவறு. நட்புக்காகக்கூட அதைச் செய்யாதீர்கள்.

வாங்குபவரின் லைசென்ஸ் அசலைப் பாருங்கள். அவருக்கு யுஐஎன் எண் (இணையப் பதிவில் ஒவ்வொரு லைசென்ஸ்தாரருக்கும் உள்ள தனி எண்) இருக்கிறதா, ரைஃபிள் வாங்க அனுமதி எழுதியிருக்கிறதா அல்லது கைத்துப்பாக்கிக்கு மட்டுமா, வாங்கும் காலக்கெடு முடிந்துவிட்டதா, ஏற்கெனவே இரண்டு ஏறியிருக்கிறதா என்பவற்றை வரிசையாகச் சரிபாருங்கள். அவர் வேறு மாவட்டம் என்றால் அங்கிருந்து தடையின்மைச் சான்று வர வேண்டும். உள்ளூர் ஆள்தான் வசதி என்று தேடுவீர்கள். ஆனால் சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வசிப்பவருக்குப் புது லைசென்ஸ் கொடுக்கத் தலைமை வனஉயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும். நீலகிரியில் பல ஊர்கள் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். அப்பாவின் வீடும் அதற்குள் இருந்தால் அவர் பெயர் காப்பாளரிடம் பதிவாகியிருக்க வேண்டும். அது நடந்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

ஆள் தேட நேரமில்லை என்றால் டீலரிடம் விற்கலாம். தொகை குறையும், தலைவலியும் குறையும். டீலர் விற்றுத்தருகிறேன், இப்போதைக்கு இங்கே வையுங்கள் என்றால் மாத வாடகை எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். .315 போன்ற மெதுவாகப் போகும் சரக்கில் இரண்டு மூன்று வருட வாடகை விற்கும் விலையைத் தின்றுவிடும். வாடகையை நிறுத்தும் தேதி ஒன்றை எழுதி வாங்காமல் வைக்காதீர்கள்.

ரைஃபிளை டீலரிடம் நீங்கள் தனியாக எடுத்துப் போகாதீர்கள். லைசென்ஸ்தாரரின் எழுத்து அனுமதியோடு வேறொருவர் துப்பாக்கியை எடுத்துச் செல்லச் சட்டம் இடம் கொடுப்பது பழுதுபார்க்கவும், லைசென்ஸைப் புதுப்பிக்கவும், அவருடைய உபயோகத்துக்கும்தான். விற்பனை அதில் இல்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அவர் இருக்கும்போதே செய்யுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லைசென்ஸ்தாரர் காலமானால் அந்த லைசென்ஸ் அவரோடு முடிந்தது. வீட்டில் இருக்கும் துப்பாக்கி அதன்பிறகு லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிதான். தாமதமின்றி ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைத்தாக வேண்டும். காரியங்கள் முடியட்டும், வாரிசுச் சான்று வரட்டும் என்று மாதக்கணக்கில் பீரோவில் வைத்திருப்பவர்கள் தங்களை அறியாமலே சிறைத் தண்டனைக்குரிய நிலையில் இருக்கிறார்கள். ஒப்படைத்த பிறகும் வாரிசுகளுக்கு அதைத் தங்கள் பெயருக்கு மாற்றவோ விற்கவோ உரிமை உண்டு. ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குள் செய்யாவிட்டால் அரசு எடுத்துக்கொள்ளும்.

தோட்டாக்களை மறக்க வேண்டாம். புத்தகத்தில் ஏறிய எண்ணிக்கையும் கையில் உள்ளதும் ஒத்துப்போக வேண்டும். தாத்தாவின் தகரப் பெட்டியில் கணக்கில் வராத பழைய தோட்டாக்கள் கிடந்தால், சுட்டுத் தீர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். கழுத்து வெடித்த பித்தளைக் குப்பியும், விசையை அழுத்திச் சில நொடி கழித்து வெடிக்கும் பிரைமரும் அந்தப் பெட்டிக்குள் இருக்கலாம். வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிட்டு, அப்பாவின் கையெழுத்தோடு எண்ணி எழுதி ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். விற்பனை மனுவுக்கு முன்பே இதை முடிப்பது நல்லது.

துப்பாக்கி கைமாறிய பிறகு அப்பாவின் புத்தகத்தில் .315 நீக்கப்பட்டதாக முத்திரையோடு பதிவு விழ வேண்டும். இணையப் பதிவிலும், அவருடைய யுஐஎன் எண்ணின்கீழ், அது நீங்கியிருக்க வேண்டும். புத்தகத்தில் நீக்கி, கணினியில் நீக்காமல் விட்டுவிட்டால் அடுத்த தேர்தலில் இல்லாத ரைஃபிளைக் கேட்டு ஸ்டேஷனிலிருந்து போன் வரும். இரட்டைக்குழலை உங்கள் பெயருக்கு மாற்றும் மனுவை இந்தப் பதிவு இரண்டும் முடிந்த பிறகு போடுங்கள். நீக்கப் பதிவின் நகலையும் வாங்கியவரின் லைசென்ஸ் நகலையும் 45 நாள் அறிவிப்பின் ஒப்புகையையும் ஒன்றாகத் தைத்து, அந்த மனுவோடு ஒரு பிரதியை இணைத்துவிடுங்கள்.